கண், கன்னம், கை: இடக்கையர் தம் முதல் முன்னழுத்தக் காற்றுத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு காற்றுத் துப்பாக்கியை ‘இடக்கைத் துப்பாக்கி’ என்று சொல்லும்போது, அந்தச் சொல் ஒரே ஒரு பண்பைக் குறிப்பதாக விற்பவரும் வாங்குபவரும் எண்ணிக்கொள்வது வழக்கம். உண்மையில் அச்சொல்லுக்குள் நான்கு தனித்தனிச் செய்திகள் அடங்கியிருக்கின்றன: எந்தக் கண் குறிபார்க்கிறது, எந்தக் கன்னம் கட்டையின்மேல் படிகிறது, எந்தக் கையின் சுட்டுவிரல் விசையை இழுக்கிறது, குண்டு ஏற்றுவதற்கான நெம்புகோல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பன அவை. இந்த நான்கும் ஒருவரிடத்தில் ஒரே பக்கமாக அமைவதும் உண்டு, பிரிந்து கிடப்பதும் உண்டு. ஒரு துப்பாக்கி இவற்றுள் ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் இடக்கையருக்கு இணங்கி, மற்றவற்றில் வலக்கையருக்கே உரியதாக இருப்பதும் சந்தையில் சாதாரணம். ஆகவே முதல் துப்பாக்கியை வாங்க முற்படும் இடக்கையர் இந்த நான்கையும் தனித்தனியே எடை போட்டு, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று முன்னதாகவே முடிவு செய்துகொள்ள வேண்டும். கண்ணுக்கு முதலிடம், கன்னத்துக்கு அடுத்த இடம், நெம்புகோலுக்குக் கடைசி இடம் என்பதே இவ்வுரை நிறுவ முயலும் வரிசை.

முன்னழுத்தக் காற்றுத் துப்பாக்கி என்பது, சுடுவதற்கு வெகு முன்பே உயர் அழுத்தத்தில் காற்று அடைத்துவைக்கப்பட்ட கலன் ஒன்றைத் தன்னுள் கொண்டது. துப்பாக்கிப் பழக்கமுள்ளவர்கள் இதைச் சுருக்கமாகப் பி.சி.பி. என்பர். கலனில் பொதுவாக 200 பார் அளவுக்குக் காற்று அடைக்கப்படும். பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமமான ஓர் அலகு. கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல் என்பதால், இந்தச் சிறு கலனுக்குள் டயரைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தம் அடங்கிக் கிடக்கிறது. விசையை இழுத்ததும் சுருள்வில்லால் தள்ளப்பட்ட சுத்தியல் ஒன்று வால்வின் தண்டைத் தட்ட, வால்வு இமைப்பொழுது திறந்து மூட, அளவாக வெளிப்பட்ட காற்று ஈயக் குண்டைக் குழலின் வழியே தள்ளுகிறது. பல துப்பாக்கிகளில் கலனுக்கும் வால்வுக்கும் இடையே ரெகுலேட்டர் என்னும் அழுத்தச் சீராக்கி உண்டு; கலனின் அழுத்தம் சுடச்சுடக் குறைந்துகொண்டே வந்தாலும், வால்வுக்கு ஒரே அளவான அழுத்தத்தை அது கொடுத்துவருவதால் முதல் குண்டும் முப்பதாவது குண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் செல்கின்றன.

இக்கருத்து புதியதன்று. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆஸ்திரியப் படையினர் கையாண்ட ஜிரண்டோனி காற்றுத் துப்பாக்கியில் காற்றுக்கலனே அடிக்கட்டையாக அமைந்து, வீரனின் தோளில் பதிந்தது. 1804 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தின் மேற்குப் பகுதியை ஆராய்ந்த லூயிஸ், கிளார்க் குழுவினரும் காற்றுத் துப்பாக்கி ஒன்றை உடன்கொண்டு சென்றனர். இன்று இவ்வகை இரண்டு கிளைகளாக வளர்ந்திருக்கிறது. ஒன்று, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் செய்யப்படும் 10 மீட்டர் போட்டித் துப்பாக்கி. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கமும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலமும் வென்றது இந்தப் போட்டியில்தான். மற்றொன்று, பிரிட்டனில் பெருகிய களத் துப்பாக்கி; தொலைநோக்கிக் குறிகருவி பொருத்தி, திறந்த வெளியில் உலோக இலக்குகளைச் சுடுவதற்கும், வயல்களைக் கெடுக்கும் முயல்களையும் காட்டுப்புறாக்களையும் கட்டுப்படுத்துவதற்கும் அங்கே அதைப் பயன்படுத்துகின்றனர். இடக்கையரின் சிக்கல் இரண்டிலும் ஒன்றே, ஆனால் வெளிப்படும் இடம் வேறு.

சிக்கல் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முன்னழுத்தத் துப்பாக்கிக்கு முன் பெரும்பாலோர் பழகும் சுருள்வில் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். குழலைக் கீழ்நோக்கி மடித்து வில்லை இறுக்கும் அந்த எளிய துப்பாக்கிக்கு, கட்டையின் வடிவத்தை விட்டால், இடம் வலம் என்ற வேறுபாடே கிடையாது. குழல் நடுக்கோட்டில் மடிகிறது, குண்டு நடுக்கோட்டில் ஏறுகிறது, எந்தக் கையாலும் அதைச் செய்யலாம். திருவிழாக் கடைகளில் பலூன் சுடும் துப்பாக்கியை இடக்கைச் சிறுவன் எந்தத் தடையுமின்றி எடுத்துச் சுடுவதற்குக் காரணம் இதுவே. முன்னழுத்தத் துப்பாக்கியில் குழல் அசையாது. அதற்குக் கீழே காற்றுக்கலன் நீண்டு கிடக்கிறது. எனவே குண்டு ஏற்றும் வாய் பெரும்பாலும் மேலேயோ பக்கவாட்டிலோ திறக்கிறது, அதைத் திறக்கும் போல்ட் எனப்படும் தாழ்க்கோலோ நெம்புகோலோ பெரும்பாலும் ஒரு பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் பெரும்பாலும் வலப்பக்கம். துல்லியமும் பின்னதிர்வின்மையும் கூடிய மேலான துப்பாக்கிக்கு மாறும் அதே படியில் இடக்கையர் முதன்முறையாகப் பக்கச் சார்பையும் சந்திக்கிறார். சுருள்வில் துப்பாக்கியில் நன்றாகச் சுட்ட இடக்கையர் விலை மிகுந்த துப்பாக்கியில் தடுமாறுவதைப் பார்த்து, அது அவருடைய திறமைக் குறைவு என்று பயிற்றுநர் முடிவு கட்டுவது பெருந்தவறு.

இனி, கண். இரு கண்களும் திறந்திருக்கும்போது மூளை அவற்றுள் ஒன்றின் காட்சியையே திசையறிவதற்கு முதன்மையாகக் கொள்கிறது. இதை ஓங்கு கண் எனலாம். மனிதரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையர். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடக்கண் ஓங்கியிருக்கிறது. இவ்விரு கணக்கையும் அருகருகே வைத்தாலே, கையும் கண்ணும் ஒன்றையொன்று பின்பற்றுவதில்லை என்பது விளங்கும். வலக்கையால் எழுதி இடக்கண்ணால் குறிபார்ப்பவர்கள் ஏராளம். இடக்கையால் எழுதி வலக்கண்ணால் குறிபார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஓங்கு கண்ணை அறிவது எளிது. இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து, கட்டைவிரல்களுக்கும் விரல்களுக்கும் நடுவே ஒரு சிறு துளை விட்டு, அத்துளையின் வழியே தொலைவிலுள்ள மின்விளக்கையோ கடிகாரத்தையோ இரு கண்களாலும் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் துளையிலிருந்து மறைகிறதோ அதுவே ஓங்கு கண். ஒருமுறை செய்து நம்பிவிடாமல், வெவ்வேறு நாள்களில் நான்கைந்து முறை செய்து பார்ப்பது நல்லது. சிலரிடம் ஓங்குதல் மெலிதாக இருப்பதால் விடை மாறி மாறி வரக்கூடும்.

தமிழரிடையே இந்தச் சோதனைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சோற்றுக்கை என்றால் வலக்கை, நொட்டாங்கை என்றால் இடக்கை என்று குழந்தைக்குத் திசை சொல்லிக்கொடுக்கும் வழக்கத்திலேயே, உண்பதும் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால்தான் என்ற கட்டளை அடங்கியிருக்கிறது. இடக்கையால் பென்சில் பிடித்த பிள்ளையின் கையைத் தட்டி வலக்கைக்கு மாற்றிய வீடுகளும் வகுப்பறைகளும் ஒன்றிரண்டு அல்ல. அப்படி வளர்ந்தவரிடம் ‘எந்தக் கைப் பழக்கம்?’ என்று கேட்டால், அவர் ‘வலக்கை’ என்றே சொல்வார், அதை உண்மை என்றும் நம்புவார். ஆனால் அவர் பந்தை எறிவதும், திருகாணியைத் திருகுவதும், கதவின் சாவித்துளை வழியே எட்டிப்பார்ப்பதும் இடப்பக்கத்தால் இருக்கக்கூடும். எழுதும் கையை மட்டும் கேட்டுத் துப்பாக்கி கொடுக்கும் பயிற்சிக்கூடம், மறைந்திருக்கும் இடக்கையரை இரண்டாம் முறையும் வலப்பக்கம் திருப்பிவிடுகிறது. இது வருந்தத்தக்கது, எளிதில் தவிர்க்கவும் கூடியது.

கண்ணும் கையும் ஒரே பக்கம் இருப்பவருக்கு விடை நேரானது: அவர் இடத்தோளில் சுட வேண்டும், அதற்கேற்ற துப்பாக்கியையே தேட வேண்டும். இரண்டும் எதிரெதிராக இருப்பவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஓங்கு கண் இருக்கும் பக்கத் தோளுக்கே துப்பாக்கியைக் கொண்டுபோவது ஒன்று. புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே சிறந்தது, ஏனெனில் விசை இழுக்கும் விரலைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம், கண்ணின் ஓங்குதலை அவ்வாறு மாற்ற முடியாது. கையின் பக்கத்திலேயே சுட்டு, மறுகண்ணைச் சிறு தகட்டால் மறைத்துக்கொள்வது மற்றொன்று. போட்டிகளிலேயே 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மிகாத மறைப்புக்கு இடமுண்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடுவது மட்டும் வேண்டாம். மூடிய கண்ணின் தசை இறுக்கம் முகம் முழுவதும் பரவி, திறந்த கண்ணையும் களைப்படையச் செய்கிறது.

இவ்விடத்தில் ஹங்கேரியின் கரோலி டகாச்சைப் பலரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. 1938இல் படைப்பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்த அவர், இடக்கையால் சுடக் கற்று, 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் விரைவுப் பிஸ்டல் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவரே கை மாற்றினார் என்றால் இடக்கையர் ஏன் வலக்கைக்கு மாறக்கூடாது என்று கேட்கப்படுகிறது. அந்த மாமனிதரின் உறுதிக்கு ஈடில்லை. ஆனால் அவருடைய வரலாறு இந்தக் கேள்விக்கு விடையாகாது. அவர் கை மாற்றியது வேறு வழி இல்லாததால். மேலும் அவர் சுட்டது பிஸ்டல். நீட்டிய கையின் நுனியில் நிற்கும் பிஸ்டலுக்குக் கன்னமும் கிடையாது, தோளும் கிடையாது. கை மாறினாலும் தலை இருந்த இடத்திலேயே இருக்கும். ரைபிளில் கை மாறினால் தோள், கன்னம், கழுத்து, இடுப்பு, பாதம் அனைத்தும் மாறுகின்றன.

அடுத்தது கட்டை. குழலையும் விசையமைப்பையும் தாங்கி, முன்னே கைக்கும் பின்னே தோளுக்கும் இடங்கொடுக்கும் பகுதியே கட்டை. மரம், பிளாஸ்டிக், அலுமினியம் எதனால் செய்யப்பட்டாலும் பெயர் அதுவே. வலக்கையருக்கென்று செய்யப்பட்ட கட்டையை ஓர் இடக்கையர் தோளில் வைத்துப் பார்க்கும்போது நிகழ்வதை நெருங்கி நின்று கவனிக்க வேண்டும். கன்னம் படிவதற்காக உயர்த்திய மேடு, அதாவது கன்னத் தாங்கி, கட்டையின் இடப்பக்கத்தில் புடைத்திருக்கிறது. அவருடைய இடக்கன்னமோ வலப்பக்கச் சரிவில் வழுக்குகிறது. கைப்பிடியில் உள்ளங்கையை நிரப்புவதற்கென்று வைத்த புடைப்பு அவருடைய விரல்நுனிகளின்கீழ் வந்து முட்டுகிறது. கட்டைவிரலுக்காகக் குடைந்த படி மறுபக்கம் இருப்பதால் அவருடைய கட்டைவிரல் போக இடமின்றி மேலே தொங்குகிறது. இவற்றைவிட மோசமானது கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒன்று: நல்ல வலக்கைக் கட்டையின் பின்முனை சில மில்லிமீட்டர் வலப்பக்கம் வளைக்கப்பட்டிருக்கும். வலத்தோளில் வைப்பவரின் கண்ணுக்கு நேரே குழல் வருவதற்காகச் செய்த வளைவு அது. இடத்தோளில் வைத்ததும் அதே வளைவு குழலைக் கண்ணிலிருந்து விலக்குகிறது. அந்த விலகலை ஈடுகட்ட அவர் கழுத்தைச் சாய்க்கிறார். சாய்ந்த கழுத்து பத்துக் குண்டுகளுக்குத் தாங்கும், அறுபது குண்டுகளுக்குத் தாங்காது.

கழுத்துவலி ஒருபுறம் இருக்க, இலக்கிலும் அதன் தடம் தெரியும். குறிகருவியின் நடுவச்சுக்கு நேரே கண் இல்லாதபோது, துப்பாக்கி அசையாமல் இருந்தாலும் குறிப்புள்ளி இலக்கின்மேல் நகர்ந்ததுபோல் தோன்றும். இதை இடமாறு தோற்றப்பிழை என்பர். வலுவாகவும் ஒரே இடத்திலும் கன்னம் படிந்தால் கண் ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளிக்கு வரும், பிழை இருந்தாலும் நிலையாக இருக்கும். கன்னம் மிதந்தால் பிழையும் மிதக்கும். 10 மீட்டர் போட்டி இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர் என்பதை நினைத்தால், கன்னத் தாங்கியை அழகுக்காக வைத்த மேடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். இதனாலேயே வேறு எதில் சிக்கனம் செய்தாலும் கட்டையில் செய்யக்கூடாது என்று இங்கே அழுத்திச் சொல்லப்படுகிறது. வலக்கைக் கட்டையை இடக்கையர் ‘பழகிக்கொள்ளலாம்’ என்னும் அறிவுரை, உடலைக் கோணலாக்கிக்கொள்ளலாம் என்பதன் மறுபெயர்.

இருகைக் கட்டை என்று ஒரு வகை உண்டு: கன்னத் தாங்கி இரு பக்கமும் சமமாக உயர்ந்தோ, இரு பக்கமும் மேடின்றி நேராகவோ இருக்கும், பின்முனை எந்தப் பக்கமும் வளையாது. விலை குறைந்த துப்பாக்கிகளில் பெரும்பாலும் கிடைப்பது இதுவே. இடக்கையருக்கென்றே செதுக்கிய கட்டையின் நிறைவு இதில் இல்லாவிட்டாலும், இது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. உயரத்தை ஏற்றி இறக்கவும், பக்கவாட்டில் நகர்த்தவும் கூடிய கன்னத் தாங்கியும், சாய்வை மாற்றக்கூடிய தோள்தட்டும் அத்துடன் சேர்ந்திருந்தால், முதல் துப்பாக்கிக்கு அது நல்ல தேர்வு. வளர்ந்துவரும் பதின்ம வயதினருக்கு இத்தகைய கட்டையே ஏற்றது, ஏனெனில் இரண்டு ஆண்டுகளில் அவர்களுடைய கை நீளமே மாறிவிடும்.

நெம்புகோலைப் பற்றிய கருத்து சற்று வியப்பாக இருக்கலாம். கட்டை சரியாக அமைந்துவிட்டால், வலப்பக்க நெம்புகோல் இடக்கையருக்கு எப்போதும் கேடு அல்ல. துப்பாக்கியை மேசைமேல் மணல் பையிலோ, முன்பக்கம் இரண்டு கால்கள் கொண்ட தாங்கியிலோ வைத்துச் சுடுபவர் துப்பாக்கியின் எடையைக் கையால் சுமப்பதில்லை. அவருடைய வலக்கை சும்மா இருக்கிறது. அந்த வலக்கையால் வலப்பக்க நெம்புகோலை இழுத்துத் தள்ளும்போது, இடக்கை கைப்பிடியை விட்டு அகல வேண்டியதில்லை, கன்னமும் எழ வேண்டியதில்லை. வலக்கையரோ ஒவ்வொரு முறையும் விசைக்கையை எடுத்து நெம்புகோலுக்குப் போய்த் திரும்புகிறார். இந்நிலையில் இடக்கையருக்கே சாதகம். இது தெரிந்த இடக்கையர் சிலர், இடக்கைக் கட்டையையும் வலப்பக்க நெம்புகோலையும் விரும்பியே கேட்டு வாங்குகின்றனர்.

நின்று சுடும்போது இது தலைகீழாகிறது. அப்போது வலக்கைதான் துப்பாக்கியின் எடை முழுவதையும் தாங்குகிறது. நெம்புகோல் வலப்பக்கம் இருந்தால், துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றிப் பிடித்து, வலக்கையால் நெம்பி, மறுபடி கை மாற்ற வேண்டும். அல்லது இடக்கையைக் குழலின் மேலாகக் குறுக்கே கொண்டுபோக வேண்டும். 10 மீட்டர் போட்டியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே குண்டு தானாக ஏறுவதில்லை. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத் தாங்கியில் சாய்த்து, நெம்புகோலைத் திறந்து, பட்டாணியைவிடச் சிறிய ஈயக் குண்டு ஒன்றைப் பாவாடை போன்ற அகன்ற பின்பக்கம் தன்னை நோக்கியிருக்கும்படி விரல்நுனியால் குழலின் வாயில் வைத்து மூட வேண்டும். தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களுக்குள் இதை அறுபது முறை செய்ய வேண்டும். அதற்கு முந்தைய 15 நிமிடப் பயிற்சிக் குண்டுகள் தனி. ஏற்றும் வாய் வலப்பக்கம் திறந்திருக்க இடக்கையால் குண்டை வைப்பவர் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டைத் திருகுகிறார், சில தடவை குண்டைக் கவிழ்த்துவிடுகிறார். எனவே போட்டிக்குப் போக எண்ணுபவர் நெம்புகோலிலும் விட்டுக்கொடுக்கக்கூடாது. நல்வாய்ப்பாக வால்தர், ஃபெயின்வெர்க்பாவ், ஸ்டையர் போன்ற போட்டித் துப்பாக்கி நிறுவனங்கள் இடக்கை வடிவங்களையும் செய்கின்றன. களத் துப்பாக்கிகளில், இங்கிலாந்தின் ஹெயில்ஷம் நகரிலுள்ள ஏர் ஆர்ம்ஸ் தன் எஸ் வரிசையில் இடக்கை வடிவங்களைச் செய்துவந்திருக்கிறது. வேறு சில துப்பாக்கிகளில் நெம்புகோலைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். அவ்வாறு சொல்லப்படும்போது, மாற்றுவது வாங்குபவரே செய்யத்தக்கதா, பட்டறைக்கு அனுப்ப வேண்டியதா என்று கேட்டுத் தெளிவது நல்லது.

புல்பப் என்னும் குறுந்துப்பாக்கிக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். நீளத்தைக் குறைப்பதற்காக விசைக்குப் பின்னால் குண்டேற்றும் அமைப்பைத் தள்ளிவைத்திருப்பதால், ஏற்றும் வாயும் குண்டுப்பெட்டியும் சுடுபவரின் கன்னத்துக்கு ஒட்டியே வருகின்றன. வலக்கையருக்கு அவை முகத்துக்கு அப்பால் இருக்கும். இடக்கையருக்கு முகத்தின்மேலேயே இருக்கும். வழக்கமான நீளமுள்ள துப்பாக்கியில் பொறுத்துக்கொள்ளத்தக்க பக்கச்சார்பு இதில் பொறுக்கவே முடியாததாகிறது. தோளில் வைத்துப் பார்க்காமல் படத்தைப் பார்த்து இடக்கையர் வாங்கக்கூடாத துப்பாக்கி ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

குறிகருவியிலும் பக்கம் உண்டு என்பது பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. ஸ்கோப் எனப்படும் தொலைநோக்கியில் தூரத்துக்கேற்பக் காட்சியைத் தெளிவாக்கும் உருளை பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருக்கிறது. பிரிட்டனில் வளர்ந்த களஇலக்குப் போட்டியில் இலக்கின் தூரத்தைக் கருவியால் அளக்க அனுமதி இல்லை. 55 கெஜம் வரையுள்ள தூரத்தை அந்த உருளையைத் திருப்பி, காட்சி தெளியும் இடத்தைக் கொண்டே கணிக்க வேண்டும். முழங்கால்மேல் துப்பாக்கியை ஏந்தி உட்கார்ந்திருக்கும் வலக்கையர் விசையிலிருந்து கையெடுக்காமல் இடக்கையால் அதைத் திருப்புகிறார். இடக்கையர் விசைக்கையாலேயே திருப்பிவிட்டுப் பிறகு கைப்பிடிக்குத் திரும்ப வேண்டும். பழக்கத்தால் சரியாகக்கூடியதே; ஆயினும் முதல் துப்பாக்கிக்கு, முன்பக்க வளையத்தைச் சுழற்றித் தெளிவாக்கும் எளிய ஸ்கோப் இரு கையினருக்கும் ஒன்றுபோல் பயன்படும், விலையும் பெரும்பாலும் குறைவு. பாதுகாப்புத் தாழ் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது, விசைத் தகட்டை இடப்பக்கம் திருப்பி வைக்க முடியுமா என்பவற்றை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கடந்துபோகலாம்.

காற்றைப் பற்றிய செய்தி இடக்கையருக்கு மட்டும் உரியதன்று. ஆனால் இடக்கைத் துப்பாக்கியைத் தேடுவதிலேயே பணத்தையும் மனத்தையும் செலவிட்டவர்கள் அதை மறந்துவிடுவதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 200 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள கலனை 100 பாரிலிருந்து 200 பாருக்கு நிரப்ப, சாதாரண அழுத்தத்திலுள்ள 20 லிட்டர் காற்று வேண்டும். முக்குளிப்போர் பயன்படுத்துவது போன்ற 3 லிட்டர் உருளை 300 பாரில் நிறைந்திருந்தால், அது 200 பாருக்கு இறங்கும்வரை ஏறத்தாழப் பதினைந்து முறை இப்படி நிரப்பலாம். கைப்பம்பும் போதும், ஆனால் உயர் அழுத்தத்தில் ஒவ்வோர் அமுக்கலும் உடல் எடை முழுவதையும் கேட்கும், பம்பு சூடேறும், இடைவிடாது அடித்தால் ஈரமும் உள்ளே போகும், விட்டுவிட்டு அடிப்பதே முறை. போட்டித் துப்பாக்கிக் கலன்களில் செய்த தேதி பொறிக்கப்பட்டிருக்கும். பத்தாண்டு கடந்த கலன் போட்டியில் ஏற்கப்படாது. பழைய துப்பாக்கியை வாங்குபவர் முதலில் படிக்க வேண்டியது அந்தத் தேதியையே. அழுத்தமானி கலனின் முன்முனையில், குழல்வாய்க்கு அருகில் பொருத்தப்பட்ட துப்பாக்கிகளும் உள்ளன. அவற்றில் அழுத்தத்தைப் பார்ப்பதற்கு முன் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முகத்தைக் குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகாமல் பக்கவாட்டிலிருந்து படிக்க வேண்டும்.

எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற கேள்விக்கு நாட்டின் சட்டமே விடை சொல்லிவிடுகிறது. குழல்வாயைக் கடக்கும்போது குண்டு கொண்டிருக்கும் ஆற்றலை ஜூலில் அளக்கின்றனர். 0.53 கிராம் குண்டு நொடிக்கு 168 மீட்டர் வேகத்தில் சென்றால் அது ஏறத்தாழ 7.5 ஜூல், 10 மீட்டர் போட்டித் துப்பாக்கி இந்த அளவில்தான் இயங்குகிறது, ஜெர்மனியில் உரிமமின்றி வைத்துக்கொள்ளும் எல்லையும் 7.5 ஜூலே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரைபிளுக்கு எல்லை 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16.3 ஜூல், ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் அதற்கும் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ, 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழல்விட்டமோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. பிரிட்டனில் முயலுக்கும் புறாவுக்கும் ஏற்ற துப்பாக்கி எது என்று அங்குள்ளோர் தரும் அறிவுரை இங்கே பொருந்தாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் காற்றுத் துப்பாக்கியின் இடம் போட்டி இலக்கின் முன்னேதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனிரோவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் அந்த இலக்கின் முன்னேதான்.

போட்டிக்கூடத்துக்குப் போகும் இடக்கையருக்குத் துப்பாக்கியோடு செலவு முடிவதில்லை. உடலை விறைப்பாகத் தாங்கும் சுடுசட்டையில் தோள்தட்டு பதியும் பட்டை, பித்தான் போடும் பக்கம், முழங்கைத் திண்டு எல்லாம் பக்கம் பார்த்துத் தைக்கப்படுகின்றன. கையுறையும் இடக்கையருக்கு வலக்கைக்கு வேண்டும். இரவல் சட்டையில் முதல் மாதத்தை ஓட்டலாம், முதல் ஆண்டை ஓட்ட முடியாது. சுடுகோட்டில் நிற்கும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வலக்கையர் அனைவரும் வலப்பக்கம் பார்த்து நிற்க, இடக்கையர் ஒருவர் மட்டும் இடப்பக்கம் பார்த்து நிற்பார். அவருக்கு இடப்புறத் தடத்தில் ஒரு வலக்கையர் நின்றால் இருவரும் நேருக்கு நேர் முகம் பார்த்து நிற்க நேரும். ஒருவர் தாங்கியை எடுப்பதும் குண்டுக்குக் கை நீட்டுவதும் மற்றொருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இடக்கோடித் தடத்தில் நின்றால் அவருக்கு எதிரே சுவர்தான் இருக்கும். பயிற்சிக்கூடத்தில் இந்தத் தடத்தைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம். போட்டியில் தடம் குலுக்கலில் வருவதால், மாதத்துக்கு ஒருமுறை நடுத்தடத்திலும் பழகிக்கொள்ள வேண்டும்.

பழைய துப்பாக்கிச் சந்தையில் இடக்கை வடிவங்கள் அரிதாகவே வரும். வரும்போது வாங்குவதற்கு ஆளும் குறைவு என்பதால் விலை பேச இடமிருக்கும். விற்கும்போது அதே காரணத்தால் காத்திருக்க நேரிடும். முதல் துப்பாக்கியைச் சில ஆண்டுகளில் விற்கப்போவதாக நினைப்பவருக்கு, இருகைக் கட்டையும் மாற்றி மாட்டக்கூடிய நெம்புகோலும் கொண்ட துப்பாக்கி பாதுகாப்பான முதலீடு. போட்டியில் நிலைக்கப்போவதாக உறுதி கொண்டவர் தயங்காமல் முழு இடக்கை வடிவத்துக்கே போகலாம். எதை வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும்: குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்ட துப்பாக்கியை, பாதுகாப்பான திசையை நோக்கி, கண்களை மூடியபடி இடத்தோளில் இயல்பாக ஏந்தி, கன்னத்தைத் தானாகப் படியவிட்டு, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குறிகருவியின் வட்டம் முழுமையாகவும் நடுவிலும் தெரிந்தால் கட்டை பொருந்துகிறது. பிறை போல ஓரம் இருண்டிருந்தால், கன்னத் தாங்கியை நகர்த்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். நகர்த்தியும் இருள் நீங்காவிட்டால், எவ்வளவு நல்ல துப்பாக்கியானாலும் அது வேறொருவருக்கானது.

துப்பாக்கி சுடும் கழகங்களை நடத்துவோரிடமும் பயிற்றுநர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் எந்தக் கை என்று கேட்பதற்கு முன் ஓங்கு கண்ணைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். கழகத்தின் அடுத்த கொள்முதலில், இருபக்கமும் மாற்றியமைக்கக்கூடிய கட்டை கொண்ட துப்பாக்கி ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.